இரண்டு வயதுக்குள் சேர வேண்டிய சோறு

எட்டு மாதக் குழந்தையின் வயிறு எவ்வளவு கொள்ளும்? உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லி என்று ஒரு கணக்கு உண்டு. எட்டு கிலோ இருக்கும் குழந்தை என்றால் 240 மில்லி, அதாவது ஒரு டம்ளரைவிடச் சற்றுக் கூடுதல். அதற்கு மேல் ஊட்டினால் தலையைத் திருப்பிக்கொள்ளும், அல்லது கக்கிவிடும். இந்தச் சின்ன வயிற்றை வைத்துக்கொண்டுதான் அது வாழ்நாளிலேயே மிக வேகமாக வளரும் காலத்தைக் கடக்கிறது. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை, முதல் பிறந்தநாளில் ஒன்பது கிலோவை எட்டியிருக்க வேண்டும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். அதன் பிறகு தாய்ப்பாலோடு சேர்த்து, எட்டு மாதம் வரை நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி, ஒன்பதாம் மாதத்திலிருந்து 300 கலோரி, ஒரு வயதுக்கு மேல் 550 கலோரி வெளி உணவிலிருந்து கிடைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழை வீட்டில் அந்த வெளி உணவு பெரும்பாலும் கஞ்சிதான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அரிசி வேகும்போது அதன் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. கெட்டியாகக் கிண்டினால் பல் முளைக்காத குழந்தையால் விழுங்க முடியாது. விழுங்கும்படி நீர்க்கக் கரைத்தால் வயிறு தண்ணீரால் நிறைந்துவிடும். பிள்ளை வயிறாரக் குடித்தது என்று தாய் நிம்மதியாகிறாள். உள்ளே போன சத்தோ, அதே அளவு தாய்ப்பாலில் இருப்பதைவிடக் குறைவு. அழுகை இல்லை, பசி இல்லை. மாதக் கடைசியில் எடை மட்டும் ஏறாமல் நிற்கிறது.

இதற்கு நம் பாட்டிகளின் அடுப்படியில் ஒரு வழி இருந்தது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் மூட்டை கட்டித் தொங்கவிட்டு, முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி அரைப்பார்கள். முளைவிடும் தானியம் தன் மாவுச்சத்தைத் தானே உடைத்துத் தின்பதற்காக அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்குகிறது. அந்த மாவில் கொஞ்சம் கஞ்சியில் சேர்ந்தால், அடுப்பில் சூடேறும்போதே நொதி வேலையைத் தொடங்கி, மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடும். கரண்டியில் ஒட்டிக்கொண்டு நின்ற கஞ்சி சட்டென இளகி வழியும். தண்ணீர் சேர்க்காமலே நீர்த்துவிடுவதால் அதே டம்ளர் கஞ்சிக்குள் கூடுதல் மாவை அடக்க முடிகிறது.

அங்கன்வாடிகளில் தரும் சத்துமாவு பாக்கெட்டில் இருப்பது இந்த வேதியியல்தான். தமிழ்நாட்டில் இதைத் தயாரிப்பவற்றில் மகளிர் கூட்டுறவுச் சங்கங்களும் உண்டு. தானிய மாவு, கடலை மாவு, வெல்லம், முளைகட்டிய கேழ்வரகு, அதோடு வைட்டமின்களும் தாதுக்களும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் விதிப்படி ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு இப்படி நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்றிருந்தது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். இதற்காக 2017இல் வகுத்த செலவு வரம்பு, குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய், தாய்க்கு 9 ரூபாய் 50 காசு.

தமிழ்நாட்டில் அரசு சோறு போட்ட வரலாற்றை வயதுக் கணக்கில் அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். 1920இல் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. அது பள்ளிப் பிள்ளைகளுக்கு. 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் பள்ளிப் பிள்ளைகளுக்கே. 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது வயது வரம்பு இரண்டுக்கு இறங்கியது. அதற்கு முன்பே, 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு வந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதக் குழந்தையிலிருந்து தொடங்கியிருந்தது. 1987இல் ஏழைக் கர்ப்பிணிகளுக்குப் பண உதவி வந்தது. பள்ளியின் பெஞ்சில் தொடங்கிய உதவி, ஏறத்தாழ 70 ஆண்டுகளில் தாயின் வயிறுவரை இறங்கி வந்திருக்கிறது. அறிவியலும் இதே காலத்தில் இதே திசையில்தான் நடந்தது.

அந்த நடையில் முக்கியமான ஊர்கள் குவாத்தமாலாவில் இருக்கின்றன. 1969 முதல் 1977 வரை அந்நாட்டின் நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு கிராமங்களில் பால் பவுடரும் தாவரப் புரதமும் கலந்த அட்டோலே என்ற கஞ்சி. மற்ற இரண்டில் புரதம் இல்லாத இனிப்புப் பானம். ஆய்வாளர்கள் அதோடு விட்டுவிடவில்லை. 2002 முதல் 2004 வரை, வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட அதே பிள்ளைகளைத் தேடிப்போய் அவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்து இரண்டு வயதுவரை அட்டோலே கிடைத்த ஆண்களின் மணிக்கூலி சராசரியாக 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. மூன்று வயதுக்குப் பிறகு அதே கஞ்சியைக் குடித்தவர்களிடம் அந்த வித்தியாசம் தென்படவில்லை.

நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. 1987 முதல் 1990 வரை ஐதராபாத்தைச் சுற்றியுள்ள 29 கிராமங்களில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஓர் ஆய்வை நடத்தியது. அங்கன்வாடித் திட்டம் படிப்படியாக விரிந்துகொண்டிருந்த நேரம் அது. 15 கிராமங்களுக்கு முதலில் வந்துவிட்டது, 14 கிராமங்களுக்கு அப்போது வரவில்லை. வந்த ஊர்களில் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவில் செய்த உப்புமா கிடைத்தது. பிறப்பு எடையில் அது ஏற்படுத்திய வித்தியாசம் 61 கிராம்தான். அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைகள் 13 முதல் 18 வயதுக்கு வந்தபோது மறுபடி அளந்தார்கள். உப்புமா வந்த ஊர்ப் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரமாக இருந்தார்கள். அவர்கள் உடல் இன்சுலினுக்கு மேலும் நன்றாக இணங்கியது. தமனிகளின் விறைப்பும் குறைவாக இருந்தது. சர்க்கரை நோயும் மாரடைப்பும் நாற்பது வயதிலேயே வந்துவிடும் நம் நாட்டில், கர்ப்பிணிக்குக் கொடுத்த உப்புமா பதினைந்து ஆண்டுகள் கழித்து அவள் பிள்ளையின் ரத்தக்குழாயில் தெரிகிறது என்பது நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

ஏன் இரண்டு வயது? உயரத்தில் ஏற்படும் பின்னடைவின் பெரும்பகுதி கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும்தான் நேர்கிறது. பிறகு நன்றாகச் சாப்பிட்டாலும் இழந்ததை முழுவதும் பிடிக்க முடிவதில்லை. மூளையின் நரம்பிணைப்புகள் அதிவேகமாகப் பெருகும் காலமும் இதுவே. அந்த வேலைக்கு இரும்புச்சத்து, அயோடின், கொழுப்பு, புரதம் எல்லாம் ஒரே நேரத்தில் தேவை. கரு உருவான நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரை எண்ணினால் ஏறத்தாழ ஆயிரம் நாள். ஊட்டச்சத்துத் திட்டங்கள் ஓயாமல் சொல்லும் 'முதல் ஆயிரம் நாட்கள்' இவைதான்.

அந்த ஆயிரத்தில் முதல் 270 நாள் தாயின் உடலுக்குள் கழிகிறது. கர்ப்பகாலத்தில் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. பாலூட்டும் முதல் ஆறு மாதத்தில் 600 கலோரி. கர்ப்பத்தைவிடப் பாலூட்டும் காலத்தில் கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்பது பல வீடுகளில் தெரிவதே இல்லை. பத்தியம் என்று சொல்லி, பிள்ளை பெற்ற உடம்புக்குக் காயையும் பழத்தையும் மறுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக ஒரு கிராம் இரும்புச்சத்து தேவைப்படுகிறது. நிறைமாதக் குழந்தை தாயிடமிருந்து வாங்கிச் சேமித்துக்கொண்டு வரும் இரும்பு, பிறந்து ஆறு மாதம்வரை தாங்கும். தாய்க்கே ரத்தசோகை இருந்தால் அந்தச் சேமிப்பும் குறைவு. குறைமாதத்தில் பிறந்தாலும் அப்படியே.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி இங்கேதான் பொருள் பெறுகிறது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்து, மருத்துவராகி, சென்னை மாகாண சட்டமன்றத்தில் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் குரல் கொடுத்தவர் அவர். 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கிய இந்த உதவி, 1995இல் 500, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய் என்று ஏறியது. ஆட்சிகள் மாறினாலும் தொகை குறைந்ததில்லை. தமிழ்நாட்டு அரசியலில் மனதார மெச்ச வேண்டிய போட்டிகளில் ஒன்று இது. இப்போதைய 18,000 ரூபாயில் 14,000 வங்கிக் கணக்கில் வருகிறது. மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பெட்டகத்தைத் திறந்தால் சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய், புரத பிஸ்கட், ஒரு குடற்புழு மாத்திரை.

அந்த ஒற்றை மாத்திரை சாதாரணமானதல்ல. கொக்கிப்புழு குடலின் சுவரைக் கடித்து நாள்தோறும் ரத்தத்தை இழக்க வைக்கும். வெறுங்காலோடு வயலில் இறங்கும் பெண்ணுக்கு அது எளிதில் தொற்றும். புழு இருக்கும்போது டானிக்கை எத்தனை பாட்டில் குடித்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதாகவே முடியும்.

சரி, பணமா, பொருளா? எது நல்லது என்ற வாதம் உலகம் முழுக்க நடக்கிறது. இதற்கு அருமையான ஒரு பதில் வங்கதேசத்திலிருந்து வந்தது. 2012 முதல் 2014 வரை அங்குள்ள ஏழைக் கிராமத்துத் தாய்மார்களுக்கு மாதந்தோறும் உதவி கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குப் பணம், சிலருக்கு உணவுப் பொருள், சிலருக்கு இரண்டும் பாதிப் பாதி. இன்னொரு குழுவுக்குப் பணத்தோடு வாராவாரம் கூட்டம் போட்டு, குழந்தைக்கு எப்போது, என்ன, எப்படி ஊட்டுவது என்று பேசினார்கள். கூட்டத்துக்கு மாமியாரும் கணவரும் அழைக்கப்பட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில், வெறும் பணமும் வெறும் பொருளும் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவைக் கணிசமாகக் குறைக்கவில்லை. பணமும் பேச்சும் சேர்ந்த குழுவில் அது ஏழு சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் குறைந்தது. கையில் காசும் வேண்டும், முட்டையை மசித்துக் கொடுக்கலாமா என்று சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆளும் வேண்டும்.

தமிழ்நாடு இதை 1980களிலேயே கையில் எடுத்திருந்தது. அந்த உலக வங்கித் திட்டத்தில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எல்லாருக்கும் உணவு கிடையாது. எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். அதற்கான பணியாளராக அதே ஊர்ப் பெண்ணையே, அதிலும் ஏழையாக இருந்தும் தன் பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கும் தாயையே தேடினார்கள். 'என் நிலைமையில் உள்ளவளே செய்திருக்கிறாள்' என்று மற்றவள் நம்புவாள் அல்லவா? நோஞ்சானாகிப் போனபின் சோறு போடுவதற்குப் பதிலாக, எடைக் கோடு படுத்துவிடும் அந்த மாதத்திலேயே பிடிப்பது என்பது அன்றைக்குப் புதிய யோசனை.

இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. மையத்தில் எடை பார்க்கும் தராசோடு மூன்று நிறப் பட்டை போட்ட ஒரு நாடாவும் இருக்கும். குழந்தையின் இடது மேல்கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி இழுத்தால், சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பச்சை. 11.5க்குக் கீழே போனால் சிவப்பு. நடுவில் மஞ்சள். சிவப்பில் விழும் குழந்தைக்கு நோய்த்தொற்றால் உயிர்போகும் ஆபத்து பல மடங்கு அதிகம். ஐந்து வயதுக்குள் உடம்பு எவ்வளவோ வளர்ந்தாலும் மேல்கைச் சுற்றளவு அதிகம் மாறுவதில்லை என்பதால்தான் எல்லா வயதுக்கும் ஒரே கோடு போதுமானதாக இருக்கிறது. 2022 மே மாதம் உதகையில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் இப்படிக் கடும் ஊட்டச்சத்துக் குறைவில் உள்ள குழந்தைகளைப் பொறுக்கியெடுத்து, மருத்துவப் பரிசோதனையும் சிறப்பு உணவும் கொடுத்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை மெலிந்திருந்தால் அதன் தாய்க்குப் பெட்டகம் கொடுத்தது. பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோறு தாய் வழியாகத்தானே போக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பைப் பார்த்தால் மனம் கனக்கிறது. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 25 சதவீதம். நாட்டின் சராசரி 35.5. அதுவரை பெருமைதான். ஆனால் ரத்தசோகையுள்ள குழந்தைகள் 57.4 சதவீதம், முந்தைய கணக்கெடுப்பில் 50.7. கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம், முன்பு 44.4. பிரசவத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவருவதில் வென்ற ஒரு மாநிலம், ரத்தத்தில் பின்னோக்கிப் போயிருக்கிறது.

காரணம் பெரும்பாலும் தட்டில் இருக்கிறது. வயிறு நிறைகிறது, வகை சேரவில்லை. அரிசி, குழம்பு, ஒரு பொரியல் என்ற சாப்பாட்டில் உடல் எளிதில் எடுத்துக்கொள்ளும் இரும்பு குறைவு. கீரையில் உள்ள இரும்பை உடல் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் அது கூடும், சாப்பிட்டவுடன் டீ குடித்தால் குறையும். இரும்புச்சத்து மாத்திரையைக் கர்ப்பகாலத்தில் 180 நாள் போட வேண்டும். வாந்தி, மலச்சிக்கல், மலம் கறுப்பாகப் போகும் பயம் எல்லாம் சேர்ந்து பல பெண்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். "ராத்திரி சாப்பிட்டுட்டுப் படுக்கப்போறப்ப போட்டுக்கோம்மா, குமட்டல் தெரியாது" என்று கிராம சுகாதார செவிலியர் சொல்லும் ஒரு வார்த்தை, மாத்திரையை டப்பாவிலிருந்து வயிற்றுக்குக் கொண்டுபோகும். இரும்பை எளிதில் தரும் மீனும் ஈரலும் இறைச்சியும் காசிருந்தால்தான் கிடைக்கும்.

மத்திய அரசின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவியை உரிமையாக்கியது. 2017இல் நடைமுறைக்கு வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும், அதுவும் 5,000 ரூபாய் என்று சுருங்கியது. பிறகு, இரண்டாவது பெண் குழந்தையாக இருந்தால் 6,000 என்று சேர்த்தார்கள். இரண்டாவது பிறந்தது பையன் என்றால் தாயின் உடம்புக்குச் சத்து வேண்டாமா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. சட்டம் கொடுத்ததைத் திட்டம் குறைப்பது தவறு. விலைவாசி ஏறியபிறகும் 2013இன் தொகையிலேயே நிற்பது அதைவிடத் தவறு.

மத்திய அரசின் தொகையும் மாநிலத்தின் தொகையும் இப்போது தமிழ்நாட்டில் ஒன்றாக இணைந்து வருகின்றன. 2024 முதல் 14,000 ரூபாய் மூன்று தவணை. கர்ப்பத்தின் நான்காவது மாதத்தில் 6,000. பிள்ளை பிறந்த நான்காவது மாதத்தில் 6,000. ஒன்பதாவது மாதத்தில் 2,000. பெட்டகங்கள் கர்ப்பத்தின் மூன்றாம், ஆறாம் மாதங்களில். ஐந்து தவணையாகச் சிதறிக் கிடந்ததை மூன்றாகத் திரட்டியது நல்ல காரியம். கர்ப்பகாலத்தின் பாதிக்கு முன்பே முதல் தொகை வந்துவிடுவது, பதிவும் வங்கிக் கணக்கும் சிக்கலில்லாமல் முடிந்தால், வேலைக்குப் போகாமல் சில வாரம் ஓய்வெடுக்கவும் ஒரு கிளாஸ் பாலுக்கும் உதவும்.

ஆனால் அந்த அட்டவணையைக் குழந்தையின் வயதோடு சேர்த்துப் படித்தால் ஓட்டை தெரிகிறது. ஒன்பதாவது மாதத்தோடு பணம் நின்றுவிடுகிறது. மையத்தில் சூடான கலவை சாதம் கிடைப்பது இரண்டு வயதுக்குப் பிறகு. நடுவில் உள்ள பதினைந்து மாதத்தில்தான் குழந்தையின் தேவை 300 கலோரியிலிருந்து 550க்குத் தாவுகிறது. தவழ்ந்து மண்ணை வாயில் போட்டு வயிற்றுப்போக்கு வருவதும் அப்போதுதான். தாய் சித்தாள் வேலைக்கோ களையெடுப்புக்கோ திரும்பிப் போவதும், பிள்ளை பாட்டியிடமோ ஏழு வயது அக்காவிடமோ இருப்பதும் அதே மாதங்களில். அந்தக் காலத்துக்கு அரசு கொடுப்பது முக்கியமாகச் சத்துமாவு பாக்கெட்தான். பல வீடுகளில் அது புட்டாகவும் கொழுக்கட்டையாகவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்காகிவிடுகிறது. பசியோடு சுற்றி நிற்கும் மூன்று பிள்ளைகளில் ஒருத்திக்கு மட்டும் எடுத்து ஊட்ட எந்தத் தாய்க்கும் கை வராது.

ஈக்வடோரில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்தபோது வளர்ச்சிக் குறைவு பாதியளவுக்குக் குறைந்தது. மலாவியில் அதையே செய்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. அங்கே குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பற்றாக்குறை உள்ள இடத்தில்தான் முட்டை வேலை செய்யும். அரிசியும் பருப்புமே உணவாக உள்ள நம் ஊர்க் குழந்தைக்கு ஒரு வயதிலிருந்தே முட்டை தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்கு இது போதுமான ஆதாரம். முட்டையைக் கொழுக்கட்டையாக்கிப் பங்குபோட முடியாது என்பது கூடுதல் நன்மை.

பள்ளிப் பிள்ளையில் தொடங்கிக் கருவறை வரை வந்த ஒரு மாநிலத்துக்கு இந்தப் பதினைந்து மாதம் எட்டாத தூரமல்ல. பன்னிரண்டாவது மாதத்திலும் பதினெட்டாவது மாதத்திலும் தலா இரண்டாயிரம் ரூபாய், அதை எடை பார்க்க வரும் நாளோடு இணைப்பது, அன்றைக்கு அங்கன்வாடி டீச்சர் பதிவேடு எழுதும் வேலையை விட்டுவிட்டு அந்தத் தாயோடும் அவள் மாமியாரோடும் கால்மணி நேரம் உட்கார்ந்து பேச அனுமதிப்பது. வங்கதேசத்தில் பலித்ததும், 1980களில் நம் கிராமங்களில் தொடங்கியதும் இதுதான். அதற்கான மையமும் பணியாளரும் தராசும் நாடாவும் ஏற்கெனவே ஊருக்கு ஊர் இருக்கின்றன.